உறுதியும் உறைவும்

முதுமையில் ஒருவர் எங்கு வாழ்வது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து வசதி பற்றியதொன்றாகவே தோன்றும். ஓய்வூதியம் ஒழுங்காக வந்துசேருமா, தங்குவதற்கு விசா கிடைக்குமா, குடியிருக்க வீடு உண்டா என்பனவே அதன் கூறுகள் எனப் பலர் கருதுவர். இம்மூன்றும் இன்றியமையாதனவே. ஆயினும், வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரை இவ்வினா அறவியல் சார்ந்ததாகவும் அமைகின்றது. இளைப்பாறி ஊர் மீள்பவருக்கு, தாம் இல்லாத காலத்தில் அம்மண்ணில் வாழ்ந்தவர்பால் உள்ள கடப்பாடு யாது என்பதே அதன் சாரம்.

வெளிநாட்டில் உழைத்து முதுமையில் மீளுதல் ஈழத்தமிழர்க்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியோர் பலர். இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தமையால், ஊர் திரும்புதல் அவர்க்கு அந்நிய நாடு புகுதலாக இருக்கவில்லை. 1983 இன் பின்னர் புலம்பெயர்ந்தோர் நிலை வேறு. வேற்றுநாட்டுப் பிரசாவுரிமை பெற்று இலங்கைப் பிரசாவுரிமையை இழந்த ஒருவர், இரட்டைப் பிரசாவுரிமை பெறாதவிடத்து, பிறந்த ஊரிலேயே விசாவோடு தங்கும் வெளிநாட்டவராகின்றார். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர்க்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகின்றது. இரட்டைப் பிரசைகளுக்கு விலக்களிக்கின்றது. 2011 இல் இடைநிறுத்தப்பட்ட இரட்டைப் பிரசாவுரிமை 2015 இல் மீண்டும் வழங்கப்படலாயிற்று.

ஓய்வூதியமும் எல்லை கடக்கையில் மாறுகின்றது. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் ஆறு மாதங்களுக்கு மேலும் பெறுவதற்கு, பொதுவாகப் பதினெட்டு வயதின் பின் இருபது ஆண்டுகளேனும் அங்கு வதிந்திருத்தல் வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் வாழ்பவர்க்கு வழங்கப்படினும் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. தொகை நின்றவிடத்தில் நிற்க, விலைவாசி ஏறிச் செல்லும். எனவே, வசதியோடு வந்தவரும் காலஞ்செல்ல அயலாரின் துணையை நாட நேரும்.

அந்த அயலார் யாவர் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கிளிநொச்சியில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் உறுதிக் காணி உண்டு எனக் கொள்க. அவர் 1985 இல் நாடு விட்டுச் செல்கின்றார். 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னியை அடைந்த ஒரு குடும்பத்திடம் வளவைப் பார்த்துக்கொள்ளுமாறு ஒப்படைக்கின்றார். அக்குடும்பம் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தென்னை நாட்டி வளவைப் பேணுகின்றது. போரின் இறுதியில் முல்லைத்தீவுவரை இடம்பெயர்ந்து, வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, மீண்டும் அதே வளவுக்கு வந்து கூரை வேய்கின்றது. பின்பு ஒருநாள் உரிமையாளர் இளைப்பாறி மீள்கின்றார்.

சட்டம் இங்கு வியப்பானதொரு விடையைத் தருகின்றது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரது தனியார் காணியைப் பத்தாண்டுகள் இடையறாது, அவருரிமைக்கு எதிராக ஆண்டவர் உரிமை கோரலாம். போர்ச்சூழலால் காணியை மீட்க இயலாதிருந்தோரைக் காக்க 2016 இல் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. ஆயின், உரிமையாளரின் அனுமதியோடு இருந்தவரின் ஆட்சி எதிராட்சியாகாது. அதாவது, அத்துமீறிப் புகுந்தவருக்கு உரிமைகோரும் வழியேனும் உண்டு. நம்பிக்கையோடு காத்தவருக்கு அதுவுமில்லை. அவரது நேர்மையே அவரது உரிமையின்மைக்குக் காரணமாகின்றது.

உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது என்ற ஜோன் லொக்கின் வாதத்தைக் கொண்டு முழுக் காணியும் காத்தவருக்கே உரியது எனச் சிலர் கூறலாம். அதுவும் பொருந்தாது. லொக் கருதியது எவருக்கும் உரித்தாகாத நிலத்தையே. மேலும், உரிமையாளர் காணியை வெறுத்துக் கைவிட்டவரல்லர். அவரும் அச்சத்தால் பெயர்ந்தவர். பனிநாட்டில் இரவுவேலை செய்தபோதும் அவ்வளவின் நினைவே அவருக்குத் துணையாயிருந்திருக்கும். ஆகவே, இது நல்லவர்க்கும் தீயவர்க்கும் இடையிலான வழக்கன்று. துரத்தப்பட்ட இருவருக்கிடையிலான வழக்கு.

இவ்விடத்து அரச காணி பற்றிய நடைமுறை ஒரு குறிப்பைத் தருகின்றது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள், குடியிருந்து பயிர்செய்தலை நிபந்தனையாகக் கொண்டவை. உறைவும் உரிமையின் ஓர் அங்கம் என்ற கருத்து அங்கு சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. உறுதிக் காணியில் அக்கருத்தை நிறைவேற்றும் பொறுப்பு உரிமையாளரின் மனச்சாட்சியைச் சார்ந்தது.

அவர் செய்யத்தக்கது யாது? முதியவர் ஒருவருக்கு வேண்டியது ஒரு வீடு, ஒரு கிணறு, நிழல்தரும் சில மரங்கள், நோயுற்றபோது குரல் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதர். இரண்டு ஏக்கர் முழுவதும் அன்று. எனவே, காத்த குடும்பத்துக்கு அவ்வளவில் ஒரு பங்கை, அன்பளிப்பு என்ற பெருமிதமின்றி, பட்ட கடனைத் தீர்ப்பதாக எண்ணி உறுதி முடித்துக் கொடுத்தல் தகும். வாய்ச்சொல் போதாது. முதியவரின் மறைவுக்குப்பின் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அச்சொல்லை அறியமாட்டார்கள். எழுத்தில் உள்ளதே நிலைக்கும். காணியைப் பகிர இயலாதவர், வேறிடத்தில் அக்குடும்பம் வீடமைக்க வழி செய்தபின்னரே அதனை எழும்பச் சொல்லுதல் முறை.

ஓய்வூதியம் ஒருவரது கடந்தகால உழைப்பை மதித்து வழங்கப்படுவது. தமது உழைப்புக்கு அம்மதிப்பை எதிர்பார்த்து வாழ்பவர், தமது வளவில் பிறர் உழைத்த ஆண்டுகளுக்கு அதே மதிப்பை மறுத்தல் முரணாகும். விசா தங்குவதற்கு அனுமதி தரும். உறுதி காணியைத் தரும். ஊரைத் தருபவர் அங்கு வாழும் மனிதரேயாவர்.