அனுமனை ஆட்டும் விரல்

2009-ல் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற கேமைச் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக இந்தியாவில் வெளியிட்டது. செய்தது ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ். முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிஎஸ்2 கேம் என்ற பெருமையோடு அது கடைக்கு வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. அமெரிக்காவில் இந்து அமைப்பொன்றின் தலைவரான ராஜன் ஜெட், கேமைத் திரும்பப் பெறச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கும்பிடும் தெய்வத்தை ஜாய்ஸ்டிக்காலும் பட்டனாலும் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது இழிவு என்பது அவர் வாதத்தின் சாரம். கேமை விமர்சகர்கள் பலர் மெச்சவில்லை, இன்று அதைத் தேடுபவர்களும் குறைவு. ஆனால் அது கிளப்பிய கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மனித விரலின் சொற்படி தெய்வம் நடப்பது தெய்வத்துக்கு இழுக்கா?

இந்தக் கேள்வி பிறக்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அணுசக்தித் துறையின் கீழ் 1967-ல் தொடங்கிய இ.சி.ஐ.எல். நிறுவனம் குஷாய்குடாவை ஒட்டித்தான் வளர்ந்தது. கம்ப்யூட்டர் முதல் டிவி பெட்டி வரை அங்கே செய்தார்கள், இ.சி. டிவி ஒரு காலத்தில் நாடெங்கும் வீடுகளில் இருந்தது. நிறுவனத்தின் பெயரே வட்டாரத்தின் பெயராகிவிட்டது. அதே நகரத்தில் சைத்ர பௌர்ணமியன்று கௌலிகுடா ராமர் கோயிலிலிருந்து செகந்திராபாத் தாட்பண்ட் ஆஞ்சநேயர் கோயில் வரை அனுமனுக்குப் பெரும் ஊர்வலம் போகிறது. சர்க்யூட்டும் சிந்தூரமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். எனவே ‘தெய்வத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எவனோ வெளிநாட்டான் செய்தது’ என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை. சோனிக்கும் இது முதல் அனுபவம் அல்ல. 2007-ல் மான்செஸ்டர் தேவாலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடப்பதாக அதன் ‘ரெசிஸ்டன்ஸ்’ கேம் காட்டியபோது இங்கிலாந்துத் திருச்சபை கொதித்தது. சோனி மன்னிப்புக் கேட்டது. 2008-ல் ‘லிட்டில்பிக்பிளானெட்’ கேமில் வந்த ஒரு பாட்டில் குர்ஆன் வாசகம் கலந்திருந்ததால், வெளியீட்டைத் தள்ளிப்போட்டு டிஸ்க்குகளையே மாற்றியது. ‘அவர்களுக்குப் பணிந்தாயே, எங்களுக்கு ஏன் பணியவில்லை?’ என்ற குரல் இங்கிருந்துதான் எழும். எனக்கு அது பலவீனமான வாதமாகப் படுகிறது. வேதவாக்கை இசையோடு சேர்க்கலாமா, தொழுகை இடத்தைப் போர்க்களமாகக் காட்டலாமா என்பதற்கு அந்தந்தச் சமயத்தார் தங்கள் மரபிலிருந்து விடை சொன்னார்கள். நமக்கான விடையை நம் மரபில்தான் தேட வேண்டும், அடுத்தவர் கோபத்தின் அளவில் அல்ல.

நம் மரபு என்ன சொல்கிறது? கை வைப்பதில் இழுக்கு இருப்பதாக அது எங்குமே நினைக்கவில்லை. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் இதில் மிக நேராகப் பேசுகிறார்கள். அர்ச்சாவதாரத்தில், அதாவது கோயில் விக்கிரகமாக எழுந்தருளும்போது, பெருமாள் தன் நீராட்டம், அமுது, உறக்கம் எல்லாவற்றையும் அர்ச்சகர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். எழுப்பினால் எழுவார், ஏளப்பண்ணினால் வீதிக்கு வருவார். இந்தச் சார்ந்திருத்தலைக் குறையாக அவர்கள் எண்ணவில்லை. எளிவந்த தன்மையின் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். குருக்ஷேத்திரத்தில் ‘தேரை இரு படைக்கும் நடுவில் நிறுத்து’ என்று அர்ஜுனன் ஏவ, கண்ணன் நிறுத்துகிறான். ஆய்ச்சி உரலோடு கட்ட, கட்டுண்டு கிடக்கிறான். கம்பனோ படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் இறைவனின் ஓயாத விளையாட்டு என்று சொல்லித்தான் காப்பியத்தையே தொடங்குகிறான். அந்தக் கம்பன் பாட்டைப் பாடியபடி, பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் 21 விளக்கு ஏற்றி, தோல்பாவையாக ராமனையும் அனுமனையும் குச்சியில் ஆட்டுகிறார்கள். ஆந்திரத்திலும் தோலுபொம்மலாட்டத்தில் அனுமனை ஆட்டிவைப்பது ஒரு மனிதக் கைதான்.

இதற்கு எளிதாக ஒரு மறுப்பு வரும். கூத்துக்காரருக்குப் பயிற்சி உண்டு, பக்தி உண்டு, விளக்கேற்றும் நியமம் உண்டு. சோபாவில் சிப்ஸ் தின்றுகொண்டே பட்டனைத் தட்டும் பையனுக்கு அதில் எது இருக்கிறது? மறுப்பில் நியாயம் உண்டு, ஆனால் அது தூரம் போகாது. பெரியபுராணத்தின் கண்ணப்பரை வைத்துக்கொண்டு நியமத்தின் பெயரால் யாரையும் சைவம் விரட்ட முடியாது. வாயில் கொண்டுவந்த நீரும் சுவைத்துப் பார்த்த இறைச்சியும் படைத்தவர், இடம் தெரிவதற்காகச் சிவலிங்கத்தின் கண்ணில் செருப்புக் காலை ஊன்றியவர். இன்னொரு மறுப்பு, இது வியாபாரம் என்பது. ரவிவர்மாவின் அச்சகம் தெய்வப் படங்களை விற்றதும் வியாபாரம். ‘மாயாபஜார்’ படம் 1957-ல் என்.டி.ராமராவைக் கிருஷ்ணனாக்கியதும் வியாபாரம். அந்த முகத்தையே கிருஷ்ணன் முகமாக நினைத்துக் கும்பிட்ட வீடுகள் தெலுங்கு நாட்டில் கொஞ்சமல்ல.

மூன்றாவது மறுப்பு கனமானது. இதை ராஜன் ஜெட் சொன்னாரோ இல்லையோ, சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். தோல்பாவைக் கலைஞர் அனுமனை ஆட்டுகிறார். ஆனால் அவர் கை பிசகினால் இலங்கை தப்பிவிடாது. கதை முன்பே நிச்சயம். கேமில் அப்படியில்லை. ஆடுபவரின் விரல் ஒரு நொடி தாமதித்தால் அனுமன் பள்ளத்தில் விழுவான், யாரோ ஒரு சில்லறை அரக்கனிடம் அடிபட்டுச் சாவான், அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நிற்பான். தெய்வம் தோற்கலாமா? தோற்கலாம் என்றுதான் புராணமே சொல்கிறது. குழந்தை அனுமன் சூரியனைப் பழமென்று பாய்ந்து, இந்திரனின் வச்சிரம் பட்டுத் தாடை உடைந்து விழுந்தவன். இலங்கையில் இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் அந்தத் தோல்வி ஒவ்வொன்றும் கதையில் ஒரு வேலை செய்கிறது. தாடை உடைந்ததால் வாயு மூச்சை நிறுத்தி, தேவர்கள் இறங்கிவந்து வரம் தந்தார்கள். கட்டுண்டதால் ராவணன் சபைக்குப் போக முடிந்தது. பட்டன் பிசகால் வரும் தோல்விக்கு இப்படி எந்த அர்த்தமும் இல்லை. அது ஒரு கணக்குப் பிழை, அழித்து எழுதினால் போயிற்று. இழுக்கு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. விரல் ஆட்டுவதால் தெய்வம் சிறுக்கவில்லை. யார் இருந்தாலும் ஒன்றுதான் என்னும்படி தெய்வத்தின் இடத்தில் எந்த வீரனையும் மாற்றி வைக்க முடிகிறதே, அப்போது சிறுக்கிறது.

அதே பிஎஸ்2-விலேயே இதற்கு எதிர்ச்சான்று உண்டு. 2006-ல் ஜப்பானின் காப்காம் வெளியிட்ட ‘ஓகாமி’யில் ஆடுபவர் ஏவுவது சாதாரண வீரனை அல்ல, வெள்ளை ஓநாய் வடிவில் வரும் சூரியத் தேவி அமதெராசுவை. ஜப்பானில் ஈசே ஆலயத்தில் இன்றும் வழிபாடு பெறுகிற தெய்வம் அவள். அவள் ஓடும் தடத்தில் பூ பூக்கும். பட்ட மரத்தை மலர வைத்தால், பசித்த விலங்குக்குத் தீனி போட்டால் அவளுக்குப் போற்றுதல் சேரும்; அந்தப் போற்றுதலே அவள் பலமாகிறது. அவள் வீழ்ந்தால் எழுப்புவதும் வெறும் ரீஸ்டார்ட் பட்டன் அல்ல, உணவு இட்டு நிரப்பிவைத்த ஒரு பை. அதாவது சாவும் மீட்சியும்கூடப் படையல் என்ற வழிபாட்டு முறைக்குள் வந்துவிடுகின்றன. ஜாய்ஸ்டிக் அதேதான், பட்டன்களும் அவையேதான். மாறாக, அதே கருவியில் 2005-ல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கிரேக்கத் தெய்வங்களோடு மோதிக் கொன்று தீர்க்கும் கதையாக விரிந்தது. ஜீயஸுக்கு வரிந்துகட்ட ஆள் இல்லாததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (ஆள்பலத்தை வைத்து அவமதிப்பை அளப்பது எவ்வளவு விசித்திரம் என்பது வேறு கதை.)

அனுமனைப் பொறுத்தவரை இதில் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போனதுதான் வருத்தம். முனிவர் சாபத்தால் தன் பலத்தைத் தானே அறியாதவன் அவன். பிறர் எடுத்துச் சொன்னால்தான் நினைவு வரும். மகேந்திர மலையடிவாரத்தில் கடலைப் பார்த்து எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஓரமாகச் சும்மா இருந்தவனிடம் ஜாம்பவான் பேசினான். அதன் பிறகே அவன் வளர்ந்தான், தாண்டினான். வெளியிலிருந்து ஒருவர் தூண்டாமல் இயங்காத நாயகன் என்பது எந்த கேமுக்கும் அடிப்படை. அந்த அடிப்படை அனுமன் கதையில் ஏற்கெனவே சாபமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆடுபவருக்கு அனுமனின் இடத்தைத் தராமல் ஜாம்பவானின் இடத்தைத் தந்து, எந்தப் பலத்தை எப்போது நினைவூட்டுவது என்பதையே ஆட்டமாக்கியிருந்தால், விழும் ஒவ்வொரு முறையும் சொல்ல மறந்தவர்மேல்தான் பழி விழுந்திருக்கும். அப்போதும் சிலர் எதிர்த்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்ல வால்மீகியே வந்து நின்றிருப்பார்.