வேடிக்கை பார்க்கும் உரிமை

2024ஆம் வருஷம் ஆயுதபூஜை வெள்ளிக்கிழமை வந்தது. சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. கோயம்புத்தூரிலிருந்து நானும் வீட்டுக்காரரும் ஐந்து வயது மகளும் சேரங்கோட்டுக்கு, அம்மாவிடம் போனோம். மகளுக்கு யானை பார்க்கணும், கடல் பார்க்கணும். சனிக்கிழமை முதுமலை, ஞாயிற்றுக்கிழமை கோழிக்கோடு கடற்கரை என்று திட்டம் போட்டோம். அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாள்.

"காசு குடுத்தா யானையப் பாக்கப் போறீங்க? ரெண்டு நாளு ராவுல வாசல்ல ஒக்காந்திருங்க. அதுவே வந்து நம்மளப் பாத்துட்டுப் போவும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரு கேள்வி அதில் இருக்கிறது. காட்டையும் மிருகத்தையும் கடலையும் 'ரசிப்பது' என்கிறோமே, அது எல்லா மனுசருக்கும் பொதுவான குணமா? அல்லது தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வாய்க்கிற குணமா?

இதே பந்தலூர் வட்டாரத்தில் 2024 ஜனவரி 6ஆம் தேதி, தாயோடு போய்க்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண்குழந்தையைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்க் கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். சனங்கள் ரோட்டை மறித்தார்கள். மறுநாள் சிறுத்தைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். ஊருக்குப் போன் செய்தபோது அம்மா வேறெதுவும் சொல்லவில்லை. "நீயும் அந்த வயசுல எம் பின்னாலதான் கொழுந்துக் காட்டுல வருவ" என்றாள். அதே மலையில் ரிசார்ட்டில் தங்க வருகிறவர் சிறுத்தையைப் பார்த்துவிட்டால் அதிர்ஷ்டம் என்கிறார். லயத்தில் இருக்கிறவள் பார்த்துவிட்டு உயிரோடு வீடு வந்தால் அதுவும் அதிர்ஷ்டம்தான். மிருகம் ஒன்று, வார்த்தையும் ஒன்று. அர்த்தம் மட்டும் அவரவர் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

பேத்தி விடாப்பிடியாக இழுத்ததால் அம்மாவும் முதுமலைக்கு வந்தாள். சவாரி வண்டியில் மான்களையும் ஒரு மயிலையும் பார்த்தோம். சாயங்காலம் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு ராகியும் கொள்ளும் உருட்டிக் கொடுப்பதைப் பார்க்க நின்றோம். இங்கே எடுத்த ஆவணப்படத்துக்கு 2023இல் ஆஸ்கர் விருது கிடைத்தது ஊருக்கே தெரியும். பாகன்களும் காவடிகளும் பெரும்பாலும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் சனங்கள். நானும் செல்போனைத் தூக்கினேன். யானைக்குப் பக்கத்தில் நின்ற வயதான காவடி ஒருவரின் முகத்தைக் கிட்டத்தில் இழுத்துப் படம் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் திருப்பல் எனக்குப் பழக்கமானது. ஊட்டிக்கு வந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டி, கொழுந்து பறிக்கிற என் அம்மாவைப் படம் எடுத்தபோதெல்லாம் அவள் இப்படித்தான் திருப்பிக்கொள்வாள். அவள் பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. பச்சை மலை, பனிமூட்டம், கூடை சுமந்த பெண் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு 'காட்சி'. மரத்தைப் போல, மேகத்தைப் போல அவளும் அதில் ஓர் அங்கம். இதைக் கூட்டங்களில் கோபமாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நானே அதைச் செய்தேன். மகள் கேட்டாள்: "யானையத்தானம்மா எடுக்கணும், அந்தத் தாத்தாவ ஏன் எடுக்குற?"

பதில் சொல்ல முடியவில்லை. சாதி என்பது படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கினார். மேலே இருப்பவனை வெறுத்துக்கொண்டே கீழே இருப்பவனை மிதிக்க ஒவ்வொரு படியிலும் இடம் வைத்திருக்கிற ஏற்பாடு அது. மாதச் சம்பளமும் நாலு பேர் போக ஒரு காரும் வந்ததும் எனக்குள் முளைத்த கண்ணும் அந்தப் படியில் நிற்கிற கண்தான். படத்தை அழித்துவிட்டேன். அழித்ததால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. வீடு நெருங்குகிற நேரத்தில் ஒரு வளைவில் ஒற்றை யானை ரோட்டை அடைத்து நின்றது. டிக்கெட் வாங்கிக் காணாத யானை! வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். மகள் கத்தப் போனாள். அம்மா அவள் வாயைப் பொத்தி மடியில் அமுக்கிக்கொண்டாள். கால் மணி நேரம் மூச்சுக்கூட விடாமல் இருந்தோம். யானை சரிவில் இறங்கிப் போன பிறகு அம்மா சொன்னாள்: "அது போற வழி இது. நடுவுல நம்மளக் கொண்டாந்து நட்டாங்க. அது தப்பா, நம்ம தப்பா?"

'நட்டாங்க' என்பதுதான் சரியான சொல். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள், தேயிலைக்குப் பக்கத்தில் எங்களையும் நட்டார்கள். 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர அரசாணை வந்தது. காடு காடாகட்டும், நல்லதுதான். ஆனால் நட்ட மனுசரை எங்கே பிடுங்கி வைப்பது? யானையின் வழியை மறித்ததாக நம்மைக் குற்றவாளியாக்குவதும், நம்மைக் காட்டி யானையை எதிரியாக்குவதும் ஒரே கை செய்கிற வேலை. இடம்பெயர்க்கப்பட்ட இரண்டு உயிர்கள் இருட்டில் எதிரெதிரே நிற்கின்றன. வெட்டச் சொன்னவர் அந்த ரோட்டில் இல்லை.

மறுநாள் தாமரசேரி சுரம் இறங்கிக் கோழிக்கோடு போனோம். அம்மா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வயதில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் கடலைப் பார்க்கிறாள். "எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க. எனக்கு எங்கப்பா தகரப்பொட்டிய எறக்குனதுதான் தெரியுது" என்றாள்.

அப்போது அம்பேத்கரின் இரண்டு பயணங்கள் ஞாபகம் வந்தன. 1901இல் ஒன்பது வயதுப் பிள்ளையாக, புதுத்துணி போட்டுக்கொண்டு, கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்க ரயிலேறினார். மசூர் ஸ்டேஷனில் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீரில்லை. 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப்பார்க்கப் போனார். குளத்தில் கைகால் கழுவியதற்காக வசவு வாங்கி, தண்ணீரைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதக் காவலன் பின்னால் வர, கோட்டையைச் சுற்றிப்பார்த்தார். இரண்டுமே உல்லாசப் பயணங்கள். கூலியில், கோயிலில், சுடுகாட்டில் மட்டுமல்ல, சும்மா சுற்றிப்பார்ப்பதிலும் சாதி குறுக்கே நிற்கும் என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

நிலம், கூலி, கல்வி கேட்டுப் போராடுகிற நாம் ஓய்வைக் கேட்டிருக்கிறோமா? வேடிக்கை பார்ப்பது மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிற தோழர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயப்படாமல் ஒரு யானையைப் பார்ப்பதும், பழைய காயம் இல்லாமல் கடலில் கால் நனைப்பதும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அதற்கு விலையாக இன்னொருத்தரைக் காட்சிப்பொருள் ஆக்கக்கூடாது. பார்க்கிற உரிமையும், பார்க்கப்பட மறுக்கிற உரிமையும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வாங்கினால் நாமும் ஒரு படி ஏறி நிற்போம், அவ்வளவுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாயி, வா, தண்ணி ஒண்ணும் பண்ணாது." அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரைக்கும் இறங்கினாள். நான் போனை எடுக்கவில்லை.