புகைக்குப் புண்ணியம் உண்டா?

வெண்டையில் சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகத் தூளைக் கரைத்துத் தெளிப்பவன் நான். தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பூஞ்சைக்குக் கந்தகம் ஆகாது என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையைப் பற்றி 2005இல் வந்த ஓர் ஆய்வு, என்னை அறக்கணக்குப் பார்க்க வைத்துவிட்டது.

அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைக்கிறார்கள். ஒவ்வோர் அறுவடையிலும் தானியமும் வைக்கோலும் கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். (நம் ஊரில் அந்த இடத்தை என்றைக்கோ மனை போட்டிருப்போம்.) அந்தப் பழைய மாதிரிகளில் இரண்டு பூஞ்சைகளின் டிஎன்ஏவைத் தேடினார்கள். இரண்டுமே இலையைக் கருக்குபவை. தொடக்க காலத்தில் செப்டோரியா ஓங்கியிருந்தது. நிலக்கரிப் புகையால் காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏற ஏற, உமியையும் தாக்கும் நோடோரம் முந்தியது. 1970க்குப் பின் புகை குறைந்தது. செப்டோரியா திரும்பி வந்தது. இரண்டின் விகிதமும் கந்தகப் புகையின் அளவை ஒட்டியே ஏறி இறங்கியிருக்கிறது.

1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும் இதே நிலக்கரிப் புகைதான். ஒரு நோயை அடக்கி வைத்ததற்காக அதற்குப் புண்ணியம் எழுதலாமா?

எண்ணமே வினை என்கிறது பௌத்தம். அப்படியானால் அடுப்பு மூட்டியவருக்குப் புண்ணியம் இல்லை. பூஞ்சையை அவர் நினைக்கவே இல்லையே. சரி, பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலையும்தான் அவர் நினைக்கவில்லை. பாவமும் இல்லையா? இங்கே எனக்குச் சமணம்தான் பிடிக்கிறது. அறியாமல் மிதித்த எறும்பையும் அது கணக்கில் விடுவதில்லை. அறியாமைக்குச் சலுகை கொடுத்தாலும், அது 1952 வரைதான். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

காற்றைச் சுத்தம் செய்தவர்கள் செப்டோரியாவை அழைத்து வந்த பழியைச் சுமக்க வேண்டுமா? வேண்டாம். அதற்கு எதிர்ப்புள்ள ரகங்கள் இருக்கின்றன, மருந்து இருக்கிறது. புகை குறைந்ததில் அங்கே பயிருக்குக் கந்தகச் சத்தும் குறைந்தது. முன்பு வானம் சும்மா போட்டதை இன்று விவசாயி காசு கொடுத்து மூட்டையாக வாங்கிப் போடுகிறார். அதுவே நியாயம். கோதுமையின் செலவு கோதுமை விலையில் சேரட்டும். ஊராரின் மூச்சில் அதை வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை.