தனியடுப்பின் விலை

சென்ற பங்குனியில் திருமழபாடி நந்தியெம்பெருமான் திருமணங் காணச் செல்லும் வழியில், அரியலூர்ப் பேருந்து நிலையத்தருகே ஓரன்பர் எம்மை ஒரு வினா வினவினார். அவர் சமயதீக்கை பெற்றவர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியிற் கூலிக்கு உடன்செல்பவர். "ஐயா, வீட்டுச்சோறு கொண்டுவர இயலாத நாட்களே மிகுதி. தனிச் சைவ உண்டிச்சாலையில் ஒருவேளைச் சாப்பாடு 100 ரூபாயைத் தாண்டிவிடுகின்றது. புலாலுஞ் சமைக்குங் கடையில் குழம்புஞ் சோறும் அதனிற் குறைந்த விலைக்குக் கிடைக்கும்; ஆனால் ஒரே அடுப்பு, ஒரே அகப்பை. அடியேன் அங்கே உண்ணலாமா?" என்றார்.

விடை எளிதென்றே முதலில் எண்ணினோம். உயிர்கள் யாவும் பதிக்கு உடைமை என்னுந் துணிவினின்று கொல்லாமை பிறக்கின்றது. கொல்லாமையினின்று புலால் மறுத்தல் பிறக்கின்றது. துவரம்பருப்பின் விலைக்கேற்ப இவ்வறம் ஏறி இறங்குவதன்று. இழப்பு நேருமிடத்தும் விடாது பற்றுவதன்றோ விரதம்! இவ்வளவும் உண்மையே. ஆயினும், இதனை எடுத்துரைப்பார் பெரும்பாலும் தம் வீட்டிலுண்பார் என்பதும் உண்மை.

உண்டிச்சாலையாரைக் குறைகூறுதல் பொருந்தாது. பெரம்பலூரைச் சார்ந்த செட்டிகுளப் பக்கத்தில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளைகின்றது. விளைவு குன்றிய திங்களிலோ அவ்வூர்ச் சாம்பாரிலும் அதனைத் தேடித்தான் காணவேண்டும். துவரம்பருப்பில் ஒரு பகுதி மியான்மரினின்றும் ஆப்பிரிக்க நாடுகளினின்றும் கப்பலேறி வருகின்றது. எரிவாயு, கூலி, வாடகை இவற்றின்மேல், 2017 நவம்பர் முதல் உணவகங்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் சரக்கு சேவை வரியும் உண்டு. புலாற்கடையார்க்கும் இச்செலவுகள் உளவே எனின், அவர்க்குப் புலாலின் வருவாய் அடுப்பைக் காக்கின்றது. அதன் நிழலிற் குழம்புஞ் சோறும் மலிவாகச் செல்கின்றன. தனியடுப்புக் காப்பவர்க்கு அந்நிழல் இல்லை.

அம்மிகுவிலையை ஏற்கவேண்டியவர் யார்? இளையான்குடிமாற நாயனார் மழைபொழியும் நள்ளிரவில், வயலில் விதைத்த நெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்குவித்தார். அவ்வமுதின் செலவு உண்ண வந்தவரைச் சார்ந்திலது. யாங் காணச் சென்ற திருமணத்துக்கும் திருச்சோற்றுத்துறையினின்று சோறும், திருப்பழனத்தினின்று பழமும், திருநெய்த்தானத்தினின்று நெய்யும் வந்தன என்பது மரபு. ஊர்கள் பல கூடிச் செலவைப் பகிர்ந்துகொண்டன. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டுவித்த அடுப்பு இன்றும் எரிகின்றது. அருட்பா மருட்பா வழக்கினை இன்னும் மறவாதாரும் அவ்வடுப்பை வணங்குதல் தகும். 2002 முதல் அறநிலையத்துறைத் திருக்கோயில்கள் பலவற்றில் நண்பகல் அன்னதானம் நிகழ்கின்றது, நன்றே. ஆனால் கல்லேற்றும் லாரி நண்பகலிற் கோயில்வாயிலில் நிற்பதில்லை.

புலால் மறுத்தலை மேடையேறிப் போதிக்குஞ் சபையார் தனியடுப்பின் மிகுவிலையில் ஒரு பங்கையேனும் தாம் ஏற்றல் வேண்டும் என்பதே எம் கருத்து. குருபூசை நாளில் முன்னமே வயிறு நிறைந்தார்க்கு இலையிடுகின்றோம். அப்பொருளிற் சிறிது கொண்டு, பேருந்து நிலையத்தருகிலுள்ள சைவ உண்டிச்சாலையோடு பேசி, வழிச்செல்லும் கூலியாளர்க்குக் குறைவிலைச் சீட்டு வழங்கலாம். இதற்கு மடமும் வேண்டா, மண்டபமும் வேண்டா.

அன்று அவ்வன்பர்க்கு யாங் கூறிய விடை வேறு. "ஒரே அகப்பை புழங்குமிடத்தை விலக்குக, இயலாத நாளில் தயிருஞ் சோறும் வாழைப்பழமுங் கொள்க" என்றோம். அவர் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். அவருடைய அற்றைநாட் சாப்பாட்டுக்கு யாம் பொருள் கொடுத்திலேம் என்பது, பேருந்து திருமழபாடியை அணுகிய பின்னரே எமக்கு நினைவு வந்தது.