சிறு தீவும் பெரிய அயலாரும்



நம் இராயபுரத்துச் சந்துகளில் மாடி வீட்டை ஒட்டி ஓட்டு வீடும் இருப்பதுண்டு. வலியவன் பக்கத்தில் எளியவன் எப்படி வாழ்வது? பகைப்பதா, பணிவதா? இக்கேள்வி தேசங்களுக்கும் உண்டு.

தமிழர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரைப் பாருங்கள். சிறு தீவு, அயலிலோ பரந்த இந்தோனேசியா. சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்த காலத்தில், அந்நாட்டோடு இந்தோனேசியா பகைத்தது. 1965 மார்ச்சு 10-ல் இந்தோனேசியக் கடற்படையினர் இருவர் சிங்கப்பூரில் வைத்த வெடிகுண்டுக்கு மூவர் பலியாயினர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் தனி நாடான சிங்கப்பூர், 1967-ல் வாலிபருக்குக் கட்டாயப் படைப்பயிற்சி விதித்தது. அதே ஆண்டில், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான வெளிநாட்டு மந்திரி இராஜரத்தினம், இந்தோனேசியாவும் அங்கம் வகித்த ஆசியான் அமைப்பை நிறுவக் கையொப்பமிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும், தெருவில் சிநேகமும் வேண்டும் அன்றோ?

1968-ல், இந்தோனேசிய ஜனாதிபதி கருணை கோரியும், அவ்விருவரும் தூக்கிலிடப்பட்டனர். ஜகார்த்தா கொதித்தது. 1973-ல் பிரதமர் லீ குவான் யூ அங்கே சென்று, அவர்கள் கல்லறைகளில் மலர் தூவினார்.

குண்டுக்கு உறவினரைப் பறிகொடுத்தோர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? ஆயினும் அது கோழைத்தனமன்று. அஞ்சியவன் முதலிலேயே பணிந்திருப்பான். உறுதியாய் நின்றவனே குனிந்தான். அதனால் பகை தணிய வழி பிறந்தது.

சுவருக்கு அப்பால் யாரோடு பேச்சற்று இருக்கிறீர்கள்? கதவைத் தாழிடுங்கள், தவறில்லை. ஆனால் முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள்.