நினைவிருக்காது

"அதுங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது?"

கைக்குழந்தையோடு தூரப் பயணம் கிளம்புகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மோட்டார்ஹோம் எடுத்துப் பன்னிரண்டு நாள் சுற்றப் போகிறோம் என்று சொன்னபோது எனக்கும் அது வந்தது. மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு ஏழு மாதம். சுங்கை பட்டாணியிலிருந்து அத்தை போன் போட்டார். "குளிர் நாட்டுல, காடிக்குள்ள, பச்சப் புள்ளைய படுக்க வச்சு அப்படி என்னத்த பாக்கப் போறீங்க? வளந்த பிறகு கூட்டிட்டுப் போனாலாவது ஞாபகம் வச்சிருக்கும்." காசு வீணாகிறதே என்ற கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்குள் கொஞ்சம் பெரிய கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நினைவில் தங்காத அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?

மோட்டார்ஹோம் ஏறாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு மீட்டர் நீளத்தில் அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை, படுக்கை எல்லாம் இருக்கும். பகலில் பசியாறும் மேசை இரவில் இறங்கிப் படுக்கையாகிவிடும். வண்டி நகரும்முன் ஒவ்வொரு இழுப்பறையையும் அமுக்கிப் பூட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் முதல் வளைவிலேயே தட்டுகள் பறக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கழிவறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். பயண வீடியோக்களில் இந்தக் காட்சி வருவதில்லை. எங்கள் வண்டியில் அது கணவரின் பொறுப்பு. கைக்குழந்தையின் பெம்பர்ஸ் மூட்டை இன்னொரு தனிக்கதை.

மகளுக்கு அந்த வண்டி முதல் நாளிலேயே வீடாகிவிட்டது. வீடு நகர்கிறது என்பது மட்டும் அவள் கணக்கில் இல்லை. காலையில் எழுந்ததும் கதவருகே நின்று, "இன்னிக்கு வெளிய என்ன வந்திருக்கு?" என்று கேட்பாள். ஒருநாள் ஏரி வந்திருந்தது, ஒருநாள் ஆடுகள். நாங்கள் உலகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். அவளுக்கோ உலகம்தான் வாசலுக்கு வந்துபோனது.

மகனின் நிலைமை வேறு. அந்நாட்டுச் சட்டப்படி ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் கட்டி உட்கார வைக்க வேண்டும். கைக்குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். விபத்து நேர்ந்தால் கழுத்தைக் காப்பது அந்த அமைப்புதான், அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. புகாக்கி ஏரிக்கரையில் வண்டி ஓடும்போது எங்கள் கண்ணாடி முழுக்க 3724 மீட்டர் உயர அவொராக்கி மலை. கீழே, பனியாறு அரைத்த கல்மாவு கலந்து பால்நீலமாகக் கிடக்கும் தண்ணீர். மகனுக்கு முன்னால் இருந்ததோ இருக்கைச் சாய்மானத்தின் சாம்பல் நிறத் துணி. அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து அவன் பார்த்தது அந்தத் துணியைத்தான்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஹாஸ்ட் பக்கம் வளைவுச் சாலையில் அவன் அழ ஆரம்பித்ததை அப்படிச் சொல்ல முடியாது. பசி அழுகை. ஓடுகிற வண்டியில் பெல்ட்டை அவிழ்த்து அவனை மடியில் எடுக்கக் கூடாது. ஓரம்கட்ட இடம் வரும்வரை கிட்டத்தட்ட இருபது நிமிடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு பாடினேன், பேசினேன். ஒன்றும் எடுபடவில்லை. அப்போது கணவர் முன்னாலிருந்து ஆறுதலாகச் சொன்னார்: "பரவால்ல, இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்காது."

அத்தை சொன்ன அதே வாக்கியம். அவர் அதை வைத்துப் பயணமே வேண்டாம் என்றார். நாங்கள் அதை வைத்து, அழுதால் பாதகமில்லை என்றோம். ஒரே கத்திதான், இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நினைவில் நிற்காத சந்தோஷம் கணக்கில் சேராது என்றால் நினைவில் நிற்காத வலியும் சேராது. வலி சேரும் என்று ஒத்துக்கொண்டால், ஏரிக்கரையில் கூழாங்கல்லை வாயில் வைத்து அவன் சிரித்த சிரிப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஒன்றை மட்டும் வசதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

வலி சேராது என்று மருத்துவ உலகமே நடந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை மேற்கத்திய மருத்துவமனைகள் பலவற்றில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் தராமல், அசையாமலிருக்கத் தசைத் தளர்ச்சி மருந்தை மட்டும் பிரதானமாகக் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தையின் நரம்பு முதிரவில்லை, வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்பது அன்றைய எண்ணம். மயக்க மருந்தின் ஆபத்தைப் பற்றிய பயமும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்த் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 1987இல் லான்செட் இதழில் வந்தது. சரியான வலிநீக்கம் பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சி குறைவு, அறுவைக்குப் பிறகான சிக்கல்களும் குறைவு. நினைவு வைத்துக்கொள்ளாத உடலுக்கும் வலித்திருக்கிறது. இதைப் படித்த பிறகு, "ஞாபகம் இருக்காது" என்று யார் ஆறுதல் சொன்னாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இருபது நிமிடப் பசியும் கத்திபட்ட உடம்பும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றல்லதான். பிள்ளைகள் வீட்டிலிருந்தாலும் அழுவார்கள், கோலாலம்பூர் நெரிசலிலும் அழுவார்கள். என் சங்கடம் அழுகையைப் பற்றியது அல்ல, அந்த அழுகை யாருடைய ஆசைக்கான விலை என்பதைப் பற்றியது. "பிள்ளைங்களுக்காகத்தான் போறோம்" என்று சொல்லிக்கொள்வது எளிது. மலை பார்க்க ஆசைப்பட்டது நான். இரண்டு பிரசவங்களுக்கு இடையே நான்கு சுவருக்குள் மூச்சு முட்டியவள் நான். அந்த ஆசையில் குற்றம் எதுவுமில்லை. அது என் ஆசை என்று தெரிந்திருந்தால், அதற்கான விலையில் பெரும்பங்கை நான்தான் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்காக என்று வேஷம் போட்டால் விலையை அவர்கள் தலையில் கட்டிவிடலாம். ஹாஸ்ட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். அதனால் மில்ஃபர்ட் சவுண்ட் போகவில்லை. நியூசிலாந்து போய் மில்ஃபர்ட் பார்க்காமல் வந்தீர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். ஆமாம்.

நினைவு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் சுற்றிய அதே தீவில், டுனெடினில், ஒட்டாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரியவர்களிடம் அவர்களுடைய ஆக முந்தைய நினைவு எந்த வயதுக்குரியது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கேட்ட ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. ஐரோப்பிய வம்சாவளியினருக்குச் சராசரியாக ஏறக்குறைய 43 மாத வயது, ஆசியர்களுக்கு 58 மாதம், மாவோரிகளுக்கு 33 மாதம். மூளை எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டுப் பேச்சுதான் வேறு. வம்சத்தையும் பிறந்த கதையையும் விரிவாகச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் மரபு மாவோரிகளுடையது, அதனால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்படியென்றால் "ஞாபகம் இருக்குமா" என்பதற்கான விடையில் பாதி பிள்ளையிடம் இல்லை, பேசுகிற நம்மிடம் இருக்கிறது. (நம் வீடுகளில் பிள்ளைகளோடு எவ்வளவு பேசுகிறோம் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.)

என் பாட்டி பேசுகிறவர். தோட்டத் துண்டாடல் காலத்தில், என் அம்மாவுக்கு ஒரு வயது. தோட்டம் கைமாறியதும் சட்டி பானை, பாய், கோழிக்கூடு எல்லாம் லாரியில் ஏறின, மேலே குடும்பமும். அம்மா அந்த லாரிப் பயணத்தை மழையோடும் தார்ப்பாயின் வாசனையோடும் விவரிப்பார். ஒரு வயதுப் பிள்ளைக்கு அது நினைவிருக்க வாய்ப்பில்லை. பாட்டி சொன்னதுதான் அம்மாவின் நினைவாகிவிட்டது. அதுவும் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கைக்குழந்தையோடு போன பயணம்தான். திரும்பிப் போக வீடு இல்லை என்பதுதான் வித்தியாசம். பொது இடங்களில் வண்டி நிறுத்தித் தங்குவதற்கான நியூசிலாந்துச் சட்டத்தை 2023இல் திருத்தியபோது, வீடில்லாமல் வண்டியில் வாழ்கிறவர்களை அந்த விதிகளிலிருந்து விலக்கினார்கள். உல்லாசமாக வண்டியில் தூங்குகிறவர், வேறு வழியின்றித் தூங்குகிறவர் என்று சட்டமே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வண்டிகளிலும் கைக்குழந்தைக்கு ஒரே சாய்மானத் துணிதான் தெரியும் என்று சில சமயம் தோன்றும். ஆனால் தாயின் கை நடுங்குகிறதா இல்லையா என்பது குழந்தைக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. டெக்காப்போவில் நட்சத்திரம் பார்த்ததைப் பள்ளியில் சொல்லியிருக்கிறாள். அந்த வட்டாரம் 2012 முதல் இருள்வானக் காப்பகம். கணவரும் நானும் மாறி மாறி வெளியே போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பிள்ளைகள் இருவரும் உள்ளே ஹீட்டர் சூட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தது படத்தை, கேட்டது என் கதையை. ஆசிரியை என்னிடம் அதைச் சொன்னபோது திருத்தவா வேண்டாமா என்று தயங்கினேன். அம்மாவின் லாரி மழையை நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

போன வாரம் அவளே கேட்டாள், "தம்பியும் ஸ்டார் பாத்தானா?"

"இல்ல. அவன் தூங்கிட்டான். நீயும் தூங்கிட்ட."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப யார் பாத்தா?"

"நானும் அப்பாவும்."

"எங்கள ஏன் எழுப்பல?"

குளிர், ராத்திரி ரெண்டு மணி, எழுப்பினால் மறுபடி தூங்க வைப்பது யார் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.