பயணத்தின் நோக்கம்

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பணத்தோடு சம்பந்தம் இருப்பதில்லை. கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று பாக்கேஜ் டூர் கிளம்பிய ஒரு குடும்பம் டாலர் வாங்க வந்தது. ரிட்டையரான வாத்தியார், மனைவி, மகள், மருமகன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வாத்தியார் கேட்டார்: "இப்ப அங்க பிரச்சினை ஒண்ணும் இல்லையே சார்?" "இல்லை" என்றேன். அவர் கேட்ட அர்த்தத்தில் அது சரியான பதில்தான். அவர் கேட்காத ஒரு அர்த்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது. கவுண்டரை மூடும் வரை அது என்னை விடவில்லை.

அவர் வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை தொக்கி நிற்கிறது. பிரச்சினை யாருக்கு? 'எனக்கு' என்பது அவர் சொல்லாமலேயே எனக்கு விளங்கியது. என் 'இல்லை'யிலும் அதே வேற்றுமைதான் தொக்கி நின்றது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பொருளாதாரப் பக்கங்களில் அடிக்கடி தென்படும் வாக்கியம் ஒன்று உண்டு: அரசியல் கொந்தளிப்பு சுற்றுலாத் தொழிலைப் பாதிக்கிறது. எழுவாய் கொந்தளிப்பு, செயப்படுபொருள் தொழில். இரண்டிலும் ஆளைக் காணோம். வீடு எரிந்தவன் முதல் சொல்லுக்குள் போய்விட்டான். சீசனுக்கு நடுவில் வேலை போன ரூம்பாய் இரண்டாவது சொல்லுக்குள். இருவரும் ஒரே தெருக்காரர்களாக, சில சமயம் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். வாக்கியம் அதைக் கண்டுகொள்வதில்லை. வாக்கியம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் லெட்ஜரின் மொழியைப் பழிக்க முடியாது. அந்த மொழி எதைக் கணக்கில் ஏற்றுகிறது, எதை ஏற்றுவதில்லை என்று பார்ப்பது வேறு விஷயம்.

இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சுற்றுலாச் சபை ஏற்பட்டது 1966-இல். 1977-க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்ட பொருளாதாரத்தில் வருகை மளமளவென்று ஏறி 1982-இல் நான்கு லட்சத்து ஏழாயிரத்தைத் தொட்டது. அடுத்த வருஷம் மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரம். 1987-இல் ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். கோடு இறங்கத் தொடங்கும் இடத்துக்கு 1983 ஜூலை என்று பெயர். அந்த ஜூலையில் கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய நார்வேப் பயணி ஒருவர், தமிழர்கள் நிறைந்த ஒரு மினிபஸ்ஸை மறித்துப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பத்திரிகைக்குச் சொன்னார். கடற்கரையும் வெயிலும் பார்க்க வந்தவர். டிக்கெட்டோடு அவர் வாங்கியது, பார்க்கலாம், ஆனால் சம்பந்தப்பட வேண்டாம் என்ற சௌகரியம். அந்த ஒப்பந்தத்தை அந்த பஸ் முறித்துவிட்டது. பார்வையாளர் சாட்சியாகிவிட்டார். சுற்றுலாத் தொழிலின் அகராதியில் இதற்குப் பெயர் 'நாட்டின் பிம்பத்துக்கு ஏற்பட்ட சேதம்'. பஸ்ஸுக்கு ஏற்பட்ட சேதம் அந்த அகராதியில் வராது.

(பி.ஏ.வில் படித்த ஃபார்ஸ்டர் ஞாபகத்துக்கு வருகிறார். 1924-இல் வந்த 'எ பாஸேஜ் டு இந்தியா'வில், நிஜ இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு பெண்ணின் ஆசையிலிருந்து குகைகளுக்கு ஒரு உல்லாசப் பயணம் ஏற்பாடாகி, வழக்கு, ஊர்க் கொந்தளிப்பு என்று முடிகிறது. சுற்றுலா அரசியலைப் பாதிக்கிறது! நம் பொருளாதார நிருபர்கள் இந்தத் திசையில் ஒரு பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை.)

அந்தப் பத்தியை அரசு மட்டும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986 மே 3-ஆம் தேதி கட்டுநாயக்காவில் ஏர்லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பலர். அது புலிகளின் வேலை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. 2001 ஜூலையில் அதே விமான நிலையத்தைப் புலிகள் தாக்கி, தேசிய விமான நிறுவனத்தின் விமானங்களில் பாதியை உபயோகத்துக்கு இல்லாமல் செய்தார்கள். பயணி என்கிற எண் ஒரு பக்கத்துக்கு வருமானம், மறு பக்கத்துக்கு இலக்கு. இருவரும் கூட்டியது ஒரே வரிசையைத்தான்.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு நிஜமான காரணம் வேறு இரண்டு எண்கள். 2008-இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 4,38,475. 2009-இல் 4,47,890. கூடியிருக்கிறது. முள்ளிவாய்க்கால் நடந்த வருஷம் அது. அதன் முதல் ஐந்து மாதங்களில் நாற்பதினாயிரம் குடிமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. உயர்வு வந்தது மே மாதத்துக்குப் பிறகுதான், ஆண்டின் பிற்பாதியில். ஆகவே கணக்கில் பொய் இல்லை. ஆனால் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்கு 2009 நல்ல வருஷம். 1983 கெட்ட வருஷம். 2010 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டு போக வேண்டிய 31 இடங்களில் முதலாவதாக இலங்கையைப் போட்டது. மே முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வன்னி ஜனங்களில் ஒரு பெரும் பகுதி அப்போதும் முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தது.

கொந்தளிப்பு சுற்றுலாவைப் பாதிக்கிறது என்ற வாக்கியத்துக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பாதிப்பது துன்பம் அல்ல, துன்பத்தின் இரைச்சல். கொழும்பு வீதியில் பட்டப்பகலில் நடந்தது ஹோட்டல் ஜன்னலுக்குத் தெரிந்தது, எண்ணிக்கை சரிந்தது. நிருபர்களும் ஐ.நா. ஊழியர்களும் வெளியேற்றப்பட்ட ஒரு கடற்கரைத் துண்டில் நடந்தது எந்த ஜன்னலுக்கும் தெரியவில்லை. இயல்புநிலை என்று அரசுகள் எதைச் சொல்கின்றன என்பது எனக்கு இந்த இடத்தில்தான் கொஞ்சம் புரிந்தது.

பிறகு வடக்குக்கே பஸ் விட்டார்கள். ஏ9 சாலையில் தெற்கிலிருந்து ஜனம் அலை அலையாகப் போயிற்று. கிளிநொச்சியில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டி, புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலவறை - எல்லாம் பார்க்கும் இடங்களாயின. நிலவறையை 2013-இல் ராணுவமே தகர்த்தது. வந்தவர்கள் எல்லோரும் வெற்றியைக் கொண்டாட வந்தார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. முப்பது வருஷம் போக முடியாமல் இருந்த இடத்தைப் பார்க்கும் எளிய ஆவல் பலருக்கு இருந்திருக்கும். மகனை அந்த யுத்தத்தில் இழந்த சிங்களத் தாயும் அந்த பஸ்களில் இருந்திருப்பாள். அவளுக்கும் டிக்கெட் ஒன்றுதான்.

அப்படியானால் போகாமல் இருப்பதுதான் தர்மமா? நண்பர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். சட்டென்று மறுத்துவிட என்னால் முடியவில்லை; ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. மே மாத வருகை, அதற்கு முந்தைய மே மாதத்தோடு ஒப்பிட்டால் எழுபது சதவிகிதம் குறைந்தது. இலங்கை மத்திய வங்கி சுற்றுலாத் துறைக் கடன்களுக்குத் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தது. என் தொழில் அறிவு முழுக்கச் செல்லுபடியாகும் இடம் இது: கடன் இருப்பவனுக்குத்தான் ஒத்திவைப்பு உண்டு. கடற்கரையில் இளநீர் சீவுகிறவனுக்கு, அன்றாடக் கூலிக்கு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு, ஒத்திவைக்க எங்கள் புத்தகத்தில் அவன் பெயரில் ஒரு கணக்கே கிடையாது. போகாமல் இருப்பவனின் தார்மீகக் கோபம் முதலில் அவன் அடுப்பில்தான் விழுகிறது; ராணுவ அமைச்சகத்துக்கு வெகு தாமதமாகப் போய்ச் சேர்கிறது, சேர்ந்தால். இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. போகாமல் இருப்பதில் எனக்குச் செலவு ஏதும் இல்லை. செலவில்லாத தர்மத்தை நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன்.

2022-இல் இந்தப் பிரிவினைகள் எல்லாம் சில நாட்கள் குழம்பிப்போயின. ஜூலை 9-இல் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம் புகுந்தது. நீச்சல்குளத்தில் குளித்தார்கள், கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் குடும்பம் குடும்பமாக, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்று மாளிகையைச் சுற்றிப் பார்த்தார்கள். பெட்ரோலும் காஸும் இல்லாத ஊரில், சொந்தப் பணம் எங்கே போயிற்று என்று பார்க்க வந்த பயணிகள். 13-ஆம் தேதி விடிவதற்குள் ஜனாதிபதி மாலத்தீவுக்குப் போனார். அங்கிருந்து சிங்கப்பூர். அடைக்கலம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, சொந்தப் பயணமாக வந்திருக்கிறார் என்றது சிங்கப்பூர் அரசு. பதினான்கு நாள் வருகைச் சீட்டு.

சீட்டு என்றதும் இன்னொருவர். கனடாவில் இருந்துகொண்டு எழுதுகிறவர். நம் வட்டத்தில் சிலர் அவரை அறிவார்கள். 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பம். 2014-இல் கனடிய பாஸ்போர்ட்டோடு, முப்பது நாள் சுற்றுலா விசாவில் ஊர் போனார். அந்த வருஷத்தின் எண்ணிக்கையில் அவரும் ஒன்று. காணி ராணுவ வேலிக்கு உள்ளே. வேலிக்கு உள்ளேயே, கடலைப் பார்த்து, ராணுவம் நடத்தும் ஒரு விடுதி. காணிக்காரன் உள்ளே போக முடியாது, விருந்தாளி போகலாம். ஒரு ராத்திரிக்கு அறை எடுத்தார். பால்கனியிலிருந்து பனைகளுக்கு மேல் ஒரு புளியமரத்தின் தலை தெரிந்தது, தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றார். காலையில் பணம் கட்டினார். ரசீதை இன்னும் வைத்திருக்கிறார்.

வாத்தியார் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரியாத்தானே சொன்னனீங்கள்" என்றார். பிறகு, "அவை எங்க போகினம்?"

"கண்டி, நுவரெலியா."

"நுவரெலியா குளிரும். சுவெற்றர் கொண்டு போகச் சொன்னனீங்களோ?"

சொல்லவில்லை.